கூரை ஒழுகும் நேரம் ஒழுகும் இடத்தைச் சொல்லும்: தரைவீட்டுக் கூரைச் சோதனை, அறிகுறி வாரியாக

உட்கூரையில் பழுப்பு நிறக் கறை ஒன்று தெரிந்தவுடன் நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். ஒப்பந்தக்காரரை அழைக்கிறோம், அவர் ஏணி வைத்து ஏறி, கறைக்கு நேர் மேலே இருக்கும் நான்கைந்து ஓடுகளை மாற்றிவிட்டு, முகட்டு ஓரத்தில் கொஞ்சம் சிலிகான் பூசிவிட்டு இறங்கிவிடுகிறார். அடுத்த பெருமழையில் அதே இடம் மறுபடியும் நனைகிறது. தீபாவளிக்குச் சாயம் பூசிய சீலிங் கார்த்திகை முடிவதற்குள் மீண்டும் கறைபடிந்துவிடுகிறது. சிங்கப்பூரில் கட்டடப் பராமரிப்பு வேலையில் இருக்கும் நான் இதை எத்தனையோ தரைவீடுகளில் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் நுழையும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. ஓட்டுக்கு அடியில் நுழைந்த நீர், சரிவைப் பிடித்துக்கொண்டு, ஓட்டைத் தாங்கும் கைமரத்தின் அடிப்பக்கமாகவோ ஓட்டுக்குக் கீழே விரித்த அலுமினியப் படலத்தின் மேலாகவோ பல அடி தூரம் ஓடி, ஏதாவது ஓர் ஆணியோ மரமூட்டோ தடுக்கும் இடத்தில்தான் கீழே விழுகிறது. ஆகவே கறை இருக்கும் இடம் நமக்குச் சொல்வது மிகவும் குறைவு. கறை எப்போது நனைகிறது என்பது சொல்வது மிகவும் அதிகம். இந்த வழிமுறை முழுவதும் அந்த ஓர் உண்மையை வைத்தே எழுதப்பட்டுள்ளது.

யாருடைய கூரை?

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியின் மேல்மாடி வீட்டில் கட்டடத்தின் கூரை வழியாகக் கசிந்தால் அதைக் கவனிக்க வேண்டியது நகர மன்றம். மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கீழ்வீட்டு உட்கூரைக்கு வரும் கசிவு இரு வீட்டாரின் கூட்டுப் பொறுப்பு. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் செலவில் பாதியைக் கழகம் ஏற்க, மீதியை இரு வீட்டாரும் பகிர்ந்துகொள்கிறார்கள். கூட்டுரிமை வீடுகளில் கூரை பொதுச்சொத்து என்பதால் நிர்வாகக் குழுமத்திடம் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

தரைவீட்டின் நிலைமை வேறு. கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதிப்படி குடியிருப்புக் கட்டடங்களின் கட்டமைப்பை 10 ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். ஆனால் குடியிருப்பதற்கு மட்டும் பயன்படும் தனிவீடுகள், இரட்டை வீடுகள், வரிசை வீடுகள் ஆகியவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் கூரையைப் பாருங்கள் என்று யாரும் கடிதம் அனுப்பப் போவதில்லை. 40 ஆண்டு பழைய வரிசை வீடுகளில் இதுவரை ஒருவர்கூட உட்கூரைக்கு மேல் தலையை நீட்டிப் பார்க்காத வீடுகள் இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஏறுவதற்கு முன்

கூரை மேல் ஏறுவது வீட்டுக்காரரின் வேலை அன்று. பாசி படிந்த ஓடு ஈரத்தில் சோப்புப் போல வழுக்கும். வெயிலில் காய்ந்து மஞ்சளான பாலிகார்பனேட் தகடு ஓர் ஆள் பாரத்தைத் தாங்காது. 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய அபாயமுள்ள வேலைக்கு எழுத்துமூல வேலை அனுமதி முறை வேண்டும் என்று உயரப் பணிகளுக்கான 2013ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. நீங்கள் அழைக்கும் ஆட்கள் பாதுகாப்புப் பட்டையும் அதை மாட்டுவதற்கான உறுதியான பிடிமானமும் இல்லாமல் ஏறத் தயாரானால் அவர்களை அனுப்பிவிடுங்கள். குறைந்த விலைக்கு இணங்கி, வேறொருவர் பிள்ளையின் உயிரை நாம் பணயம் வைக்கக் கூடாது.

பழைய வீடுகளின் பின்கட்டிலோ கார் நிறுத்தும் இடத்திலோ சாம்பல் நிற அலைவடிவ சிமெண்ட் தகடு இருந்தால் இன்னும் கவனம் தேவை. கட்டுமானப் பொருள்களில் கல்நார் பயன்படுத்துவதற்கு சிங்கப்பூர் 1989இல் தடை விதித்தது. அதற்கு முந்திய தகடுகளில் அது இருக்கக்கூடும். அப்படிப்பட்ட தகட்டைத் துளைக்கவோ அறுக்கவோ உயரழுத்த நீரால் கழுவவோ கூடாது. தகுதி பெற்றவரைக் கொண்டு பரிசோதித்த பின்னரே கை வைக்க வேண்டும்.

இப்போது பல ஒப்பந்தக்காரர்கள் ட்ரோன் கொண்டுவருகிறார்கள். உடைந்த ஓட்டைப் பார்க்க அது நல்ல கருவிதான். ஆனால் விமான நிலையம் அல்லது விமானப் படைத்தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அதைப் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்டதைப் பதிவும் செய்ய வேண்டும். சிராங்கூன் கார்டன்ஸ் பாய லேபார் படைத்தளத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குக் காதால் தெரியும். மேலும், ட்ரோன் மேலே இருப்பதை மட்டுமே காட்டும். உட்கூரைக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள இருட்டறையை அது காட்டாது. ஒழுக்கின் கதை பெரும்பகுதி அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒரு குறிப்பேடு. ஒவ்வொரு முறை நனையும்போதும் தேதி, மழை தொடங்கிய நேரம், முதல் சொட்டு விழுந்த நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, மழை நின்றபின் எவ்வளவு நேரம் சொட்டியது ஆகியவற்றை எழுதுங்கள். நம் ஊர் மழை ஒரே மாதிரி பெய்வதில்லை. தென்மேற்குப் பருவக் காலத்திலும் அதன் முன்பின் மாதங்களிலும் விடியற்காலையில் மேற்கிலிருந்து வந்து அடிக்கும் சுமத்ராப் புயற்காற்று, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகக் காற்றோடு மழையைப் பக்கவாட்டில் தள்ளும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை சில சமயம் நாள்கணக்கில் விடாமல் தூறி நனைக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். இந்த மூன்றில் எந்த மழையில் உங்கள் வீடு ஒழுகுகிறது என்பது தெரிந்தால் பாதிச் சோதனை முடிந்துவிட்டது.

அறிகுறி: காற்றோடு மழை அடிக்கும்போது மட்டும் சொட்டுகிறது, செங்குத்தான மழையில் ஒன்றுமில்லை

இது ஓடு உடைந்ததன் அடையாளம் அன்று. உடைந்த ஓடு எல்லா மழையிலும் ஒழுகும். காற்றில் மட்டும் ஒழுகினால், தண்ணீர் சரிவுக்கு எதிராக மேல்நோக்கி ஏறுகிறது என்று பொருள். ஓட்டின் மேல் ஓடு படியும் அளவு பொதுவாக 75 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. யாராவது நடந்ததால் ஓடுகள் கீழே நழுவியிருந்தாலோ, சரிவு போதாத பின்கட்டுக் கூரையில் முன்கட்டுக்குரிய ஓட்டையே பதித்திருந்தாலோ, காற்று நீரை அந்தப் படிவின் வழியே தள்ளிவிடும்.

முதலில் உட்கூரைத் திறப்பு வழியாக மேலே சென்று டார்ச்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கண்ணைப் பழக்குங்கள். படலம் விரிக்கப்படாத கூரையில் வெளிச்சம் ஊசிமுனையாகத் தெரியும் இடமெல்லாம் தண்ணீர் வரும் இடம் என்று சொல்ல முடியாது. ஓடுகளுக்கிடையே இயல்பாகவே சிறு இடைவெளி உண்டு. ஆனால் ஒரு வரிசையில் மட்டும் வெளிச்சம் அகலமாகத் தெரிந்தால் அந்த வரிசை நழுவியிருக்கிறது. அடுத்து மேற்குப் பக்கத்து முகட்டைப் பாருங்கள். பழைய வீடுகளில் முகட்டு ஓடுகள் சிமெண்ட் சாந்தில் பதிக்கப்பட்டவை. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும்போது சாந்து வெடித்து, ஓட்டை விட்டுப் பிரிகிறது. கீழிருந்து பைனாகுலரில் பார்க்கும்போது தலைமயிர் அளவு விரிசல் தெரிந்தாலும், மேலே ஏறியவர் கையால் அசைத்தால் முகட்டு ஓடு அப்படியே கையோடு வந்துவிடுவதுண்டு. விரிசலின் மேல் சிலிகான் பூசுவது இதற்குத் தீர்வன்று. பழைய சாந்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிக்க வேண்டும், அல்லது நெகிழும் முகட்டுப் பட்டையும் திருகாணியும் கொண்ட உலர்முறைக்கு மாற வேண்டும்.

காற்றில் மட்டும் ஒழுகும் வீடுகளில் கூரையை விட்டுவிட்டுச் சன்னல் மேல்விளிம்பையும், மேல்மாடி வெளிச்சுவரின் விரிசலையும் பார்க்க மறக்காதீர்கள். சுவருக்குள் நுழைந்த நீர் கீழ்மாடி உட்கூரையில் கறையாக வெளிவந்து, குற்றமில்லாத கூரையைக் குற்றவாளியாக்கிவிடும்.

அறிகுறி: பொதுச்சுவரை ஒட்டிய மூலையில் மட்டும் நனைகிறது

வரிசை வீடுகளிலும் இரட்டை வீடுகளிலும் நான் அதிகமாகக் காணும் கோளாறு இதுதான், ஆகையால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

என் பெரியம்மா வீட்டில் பூசை அறை பொதுச்சுவரை ஒட்டி இருக்கிறது. பக்கத்து வீட்டை இடித்து மூன்று மாடியாக உயர்த்திக் கட்டிய மறு ஆண்டே சாமி படங்களுக்கு மேல் உட்கூரையில் கறை விழுந்தது. இரண்டு ஒப்பந்தக்காரர்கள் வந்து, இரண்டு முறையும் ஓடு மாற்றி, இரண்டு முறையும் பணம் வாங்கிச் சென்றார்கள். பிறகு பெரியம்மா என்னை அழைத்தார். நான் உட்கூரைக்கு மேல் ஊர்ந்து போய்ப் பொதுச்சுவரைப் பார்த்தபோது, செங்கல்லில் வெள்ளை நிறத்தில் உப்புப் பூத்து, மேலிருந்து கீழாக நாக்கு நாக்காக இறங்கியிருந்தது. சுவருக்குப் பக்கத்துக் கைமரத்தைத் தொட்டால் குளிர்ந்திருந்தது. அதன் அடிப்பக்கத்தில், விரல் அகலத்துக்கு ஒரு கருத்த தடம். அந்தத் தடத்தைப் பின்பற்றி முழங்காலால் நகர்ந்தேன். நான்கடி தள்ளி, சீலிங் சட்டத்தை அடித்த ஒரு பழைய ஆணியின் கூர் கைமரத்தை ஊடுருவி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கூரில் துரு பிடித்து, அதன் நுனியில் ஒரு சொட்டு நீர் விழாமல் நின்றுகொண்டிருந்தது. அந்தச் சொட்டுக்கு நேர் கீழேதான் பூசை அறைக் கறை.

வெளியே என்னுடன் வேலை செய்யும் இளைஞர் பாதுகாப்புக் கயிற்றோடு ஏணியில் நின்று தோட்டத்துக் குழாயால் நீர் விட்டார். இந்தச் சோதனையைச் செய்யும் முறை முக்கியம்: கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும், ஒவ்வோர் இடத்திலும் கால்மணி நேரமாவது நீரை விட வேண்டும், அடுத்த இடத்துக்குப் போகும்முன் உள்ளே இருப்பவரிடம் கேட்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடத்தையும் நனைத்து, எது நுழைவாயில் என்பது தெரியாமல் போய்விடும். ஓடுகளின் மேல் முக்கால் மணி நேரம் நீர் விட்டும் உள்ளே காய்ந்தே கிடந்தது. கூரையும் பக்கத்து வீட்டின் புதுச்சுவரும் சேரும் கோட்டுக்கு நீர் போனதும், "அண்ணே, இப்போ?" என்று அவர் கைபேசியில் கேட்டு முடிப்பதற்குள் செங்கல் கருத்துவிட்டது.

சுவரும் கூரையும் சேரும் அந்தக் கோட்டைத் தகரப் பட்டை ஒன்று மூடியிருக்க வேண்டும்; ஒப்பந்தக்காரர்கள் அதை ஃபிளாஷிங் என்பார்கள். அதன் மேல்விளிம்பு சுவருக்குள் வெட்டிய காடியில் செருகப்பட்டு, நீர் புகாதபடி அடைக்கப்பட வேண்டும். பெரியம்மா வீட்டில் பழைய பட்டையை வெட்டி எறிந்துவிட்டு, புதுச்சுவரின் மேல் ஒரு தகரத்தை ஒட்டுப்பசையால் ஒட்டியிருந்தார்கள். பசை ஓராண்டு வெயிலில் காய்ந்து விட்டுக்கொடுத்துவிட்டது.

உங்கள் பக்கத்து வீட்டில் இடித்துக் கட்டும் வேலை தொடங்கப்போகிறது என்றால், தொடங்கும்முன் உங்கள் கூரையோரம், பொதுச்சுவர், உட்கூரை மூலைகள் அனைத்தையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பொறுப்புள்ள ஒப்பந்தக்காரர்கள் அவர்களாகவே வந்து அண்டை வீட்டின் நிலையைப் பதிவு செய்வார்கள். அப்போது வீட்டுக்குள்ளே மட்டும் பார்த்துவிட்டுப் போகவிடாமல், கூரை சேரும் கோட்டையும் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு வீட்டாரும் பகையின்றிப் பேசித் தீர்த்துக்கொள்ள அந்தப் படங்கள் உதவும்.

அறிகுறி: பிற்பகல் இடிமழை கொட்டும் சில நிமிடங்களிலேயே இறவாரத்து ஓரம் ஒழுகுகிறது

கூரை மீது விழும் ஒவ்வொரு மில்லிமீட்டர் மழையும் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் நீர் கூரையோரக் கால்வாய்க்கும் இறங்குகுழாய்களுக்கும் வந்து சேர்கிறது. அதில் ஒரு குழாயின் வாயை மாவிலையோ புறா இறகோ அடைத்துக்கொண்டால், நீர் கால்வாயின் பின்விளிம்பைத் தாண்டி வீட்டுக்குள் திரும்புகிறது. கறை வெளிச்சுவரை ஒட்டி நீளவாக்கில் இருக்கும். மழை தணிந்ததும் சொட்டும் நின்றுவிடும்.

கால்வாயைச் சுத்தம் செய்தபின் ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் குழாயை நோக்கி ஓடாமல் நடுவில் தேங்கினால், தாங்கிகள் தளர்ந்து கால்வாய் தொய்ந்துவிட்டது. இரு சரிவுகள் சேரும் பள்ளத்தில் பதித்த தகட்டையும் இதே வேளையில் பார்க்க வேண்டும். அதன் அடிமடிப்பில் குப்பை சேர்ந்து அணை கட்டியிருந்தால் நீர் பக்கவாட்டில் ஓட்டுக்கடியில் போய்விடும்.

தேங்கும் நீருக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஒரு வாரம்தான் ஆகிறது. கூரைக் கால்வாயை அடைப்பின்றி வைத்து, அதில் கொசுப் புழுவைக் கொல்லும் பிடிஐ பூச்சிக்கொல்லி இட வேண்டும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்வதைக் கூரைப் பராமரிப்பின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நாள் முழுதும் தூறிய பிறகு நனைகிறது, மழை நின்ற மறுநாளும் சொட்டுகிறது

இப்படித் தாமதித்து வந்து தாமதித்துப் போகும் ஒழுக்கு கான்கிரீட் தளத்துக்கே உரியது. மொட்டைமாடியின் மேற்சாந்து பஞ்சுபோல நீரைக் குடித்து வைத்துக்கொண்டு, நீர்க்காப்புப் பூச்சில் விரிசல் உள்ள இடத்தில் மெல்ல விடுகிறது. தளத்தின் நடுவில் விரிசல் தேடுவதற்கு முன் ஓரங்களைப் பாருங்கள். பூச்சு கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி முடியும் விளிம்பு, வடிகால் வாயைச் சுற்றியுள்ள வளையம், தண்ணீர்க் குழாயோ ஏர்கான் தாங்கியோ தளத்தைத் துளைத்து நிற்கும் இடம் ஆகியவைதான் முதலில் தோற்பவை. மழை நின்று இரண்டு நாள் ஆகியும் எங்கே நீர் தேங்கி நிற்கிறது என்பதைச் சாக்குக்கட்டியால் கோடிட்டுக்கொள்ளுங்கள்.

உறுதிப்படுத்துவதற்கான சோதனை, வடிகாலை அடைத்து 24 மணி நேரம் நீரைத் தேக்கி வைப்பது. 50 மில்லிமீட்டர் ஆழ நீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம் என்பதால், விரிசலோ தொய்வோ உள்ள பழைய தளத்தில் பொறியாளரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். மழை பெய்யும் வாய்ப்புள்ள நாளிலும் செய்யக் கூடாது. சோதனை நீரா மழைநீரா என்று பிரித்தறிய முடியாது.

பழைய பூச்சின் மேலேயே புதுப் பூச்சை அடித்துத் தருகிறேன் என்று விலை சொல்பவரிடம், அடியில் தங்கியிருக்கும் ஈரம் எப்படி வெளியேறும் என்று கேளுங்கள். ஈரத்தின் மேல் அடித்த பூச்சு வெயிலில் கொப்புளித்து உரியும்.

அறிகுறி: உட்கூரைச் சிமெண்ட் உப்பி, துண்டாக விழுகிறது

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்போது பல மடங்கு பருத்து, மூடியிருக்கும் சிமெண்டை வெளியே தள்ளுகிறது. தளர்ந்த பகுதியின் கீழே யாரும் படுக்கவோ உட்காரவோ விடாதீர்கள். ரப்பர்ச் சுத்தியலால் தட்டினால் உறுதியான இடம் கணீரென்றும் பிரிந்த இடம் பொத்தென்றும் ஒலிக்கும். சிறிய பகுதியென்றால் தளர்ந்ததைத் தட்டி எடுத்து, கம்பியின் துருவை நீக்கி, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் சாந்தால் நிரப்பலாம். கம்பி மெலிந்திருந்தால் பொறியாளர் பார்க்க வேண்டும். மேலிருந்து வரும் நீரை நிறுத்தாமல் கீழே பூசுவதால் எந்தப் பயனும் இல்லை.

அறிகுறி: மழையே பெய்யவில்லை, ஆனால் கறை வளர்கிறது

கூரைக்காரரை அழைக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரம் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீராகப் படிந்துவிடும்; உட்கூரைக்குள் ஓடும் ஏர்கான் குழாய் அதைவிடக் குளிரானது. அதன் உறை கிழிந்தாலோ, நீர் வடியும் குழாய் அடைத்தாலோ இரவெல்லாம் சொட்டும். ஏர்கானை மூன்று நாள் போடாமல் இருந்து பாருங்கள். அப்போதும் நனைந்தால், பழைய வீடுகளில் கூரைக்குள் வைத்த தண்ணீர்த் தொட்டியின் மிதவையையும் வழிகுழாயையும் பாருங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டர் ஓடுகிறதா என்று கவனியுங்கள்.

அறிகுறி: தகரக் கூரையில் திருகாணியைச் சுற்றித் துரு, மாலையில் படபடவென்று சத்தம்

சத்தம் இயல்பானது. 10 மீட்டர் நீள எஃகுத் தகடு 40 பாகை வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. அந்த அசைவை ஒவ்வொரு நாளும் தாங்கும் திருகாணியின் ரப்பர் வாஷர் வெடித்து, துளை பெரிதாவதுதான் கோளாறு. திருகாணியை இறுக்கினால் வாஷர் நசுங்கி இன்னும் விரைவாகக் கெடும். ஓர் அளவு பெரிய திருகாணியும் புது வாஷரும் போட வேண்டும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் அடிப்பக்கத் துருவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சூரியத் தகடு பொருத்திய கூரையில் ஒவ்வொரு தாங்கியின் அடியிலும் ஒரு துளை இருக்கக்கூடும். ஓட்டுக் கூரையில் தாங்கியின் கொக்கி ஓட்டை அழுத்தி உடைத்திருக்கக்கூடும். புதிதாகப் பொருத்த நினைப்பவர்கள் கூரைச் சோதனையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். 20 ஆண்டுக்கு மேல் இருக்கப்போகும் தகடுகளைப் பத்தாண்டுகூடத் தாங்காத கூரையின் மேல் வைத்தால், மீண்டும் கழற்றி மாட்டும் செலவு உங்களுடையது.

அறிகுறி: தரையில் பொடி விழுகிறது, கூரைக்கோடு தொய்ந்து தெரிகிறது

பொடியைக் கூட்டி எறியாமல் வெள்ளைத் தாளில் கொட்டி, கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். மாவுபோல் மிருதுவாக இருந்தால் மரத்தை உளுக்கச் செய்யும் வண்டு. மணல்போல் உருண்டு, ஒவ்வொரு மணியும் ஆறு பக்கம் கொண்ட சிறு உருளையாக இருந்தால் உலர்மரக் கறையான்; அது மண்ணோடு தொடர்பின்றி மரத்துக்குள்ளேயே வாழ்வது. பொடியே இல்லாமல் சுவரில் மண்குழாய் ஏறியிருந்தால் நிலத்தடிக் கறையான். மூன்றுக்கும் மருந்து வேறு, செலவு வேறு என்பதால், பொடியைப் பார்க்காமலேயே விலை சொல்பவரை நம்ப வேண்டாம்.

கைமரங்களைத் திருப்புளியின் முனையால் குத்திப் பார்க்க வேண்டிய இடங்கள் சுவரில் உட்காரும் முனையும், ஒழுக்குத் தடம் உள்ள இடமும். வீதியின் எதிர்ப்புறம் நின்று முகட்டுக்கோட்டைப் பார்த்தால் தொய்வு தெரியும். எடை குறைந்த கூரைக்கென்று கணக்கிட்ட வீட்டில் பிற்காலத்தில் கனமான கான்கிரீட் ஓடு ஏற்றியிருந்தாலும் தொய்வு வரும். அது ஒப்பந்தக்காரரின் வேலையன்று, பொறியாளருடையது.

அறிகுறி: இரவில் கூரைக்குள் நடமாட்டம், பாண்டான் இலை போன்ற வாசம்

சிக்லாப் வட்டாரத்துத் தரைவீட்டுக்காரர்களுக்கு இது புதிதன்று. மரநாய் கூரைக்குள் குட்டி போட இடம் தேடி, தளர்ந்த ஓட்டைத் தள்ளிக்கொண்டு நுழைகிறது. அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. அனுமதியின்றிப் பிடிக்கவோ கொல்லவோ சட்டம் இடந்தராது. குட்டிகள் உள்ளே இருக்கும்போது துளையை அடைத்தால் அவை செத்துப்போகும், வீடும் நாறும். வெளியேறியது உறுதியான பிறகு கம்பிவலையால் அடைத்து, விலகிய ஓடுகளைச் சரிசெய்யுங்கள்.

அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்

சோதனைக்கு வருபவர் உட்கூரைத் திறப்பைக் கேட்காமல் நேரே ஏணியைத் தேடினால், அந்தச் சோதனை பாதிதான். திறப்பு இல்லையென்றால் படுக்கையறை அலமாரிக்கு மேல் ஒன்று வெட்டிக்கொள்வது செலவுக்குத் தகுந்த வேலை. அறிக்கையில் கூரையின் எளிய வரைபடமும், அதில் எண்ணிட்ட இடங்களும், ஒவ்வோர் எண்ணுக்கும் உள்ளேயும் வெளியேயும் எடுத்த படமும் இருக்க வேண்டும். உடனே செய்ய வேண்டியது எது, அடுத்த ஆண்டு வரை பொறுப்பது எது, கவனித்துக்கொண்டிருந்தால் போதுமானது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். எங்கெல்லாம் பார்க்க முடியவில்லை என்பதையும் எழுதியிருக்க வேண்டும்; அதை மறைக்காமல் எழுதுபவரின் மற்றக் கூற்றுகளை நான் கூடுதலாக நம்புவேன். வெப்பப்படக் கருவியால் எடுத்த நீலத் திட்டை மட்டும் காட்டி ஈரம் என்றால், ஈரமானியால் அளந்த எண்ணையும் கேளுங்கள், ஏனெனில் ஏர்கான் குளிர்ச்சியும் படத்தில் நீலமாகவே தெரியும்.

பெரிய பழுதுகளுக்கு ஏற்ற காலம் பிப்ரவரி. இங்கே சராசரியாக மிகக் குறைந்த மழை பெய்யும் மாதம் அதுதான். சோதனையை அதற்கு முன், வடகிழக்குப் பருவமழை நனைத்துக்கொண்டிருக்கும்போதே, தடங்கள் ஈரமாக இருக்கையில் செய்துவிடுங்கள். வறண்ட மாதத்தில் வந்து பார்ப்பவருக்குக் கறை தெரியும், வழி தெரியாது.

பழுது முடிந்ததும் உட்கூரைக்குச் சாயம் பூச அவசரப்பட வேண்டாம். கறையின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய கோடு வரைந்து, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். காற்றில் ஒழுகிய வீடென்றால் அடுத்த சுமத்ராப் புயற்காற்று வரும் வரை, நீள்மழையில் ஒழுகிய வீடென்றால் அடுத்த நீள்மழை வரை காத்திருங்கள். ஒழுக்கை வரவழைத்த அதே வகை மழைதான் பழுதைச் சோதிக்க முடியும். பெரியம்மா வீட்டுப் பூசை அறையில் அந்தப் பென்சில் கோடு ஏழு மாதம் இருந்தது. மூன்று விடியற்காலைப் புயல்கள் கடந்தும் கறை கோட்டைத் தாண்டாததைப் பார்த்த பிறகே, அந்த ஆண்டுத் தீபாவளிக்குச் சாயம் பூசச் சொன்னேன்.